நழுவல் குறைப்புச் சுற்றறிக்கை

ஒளித்தொடர்பு ஆய்வகத்தின் மூன்றாம் மாடியில் இருந்த லேசரிடம் ஒரே ஒரு குறைதான் இருந்தது. சும்மா விட்டால் சொன்ன நிறத்தில் அசையாமல் நிற்கும். வேலை வாங்கினால் நழுவும்.

அது வேண்டிய அலைநீளத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய லேசர். செய்தி அனுப்ப அதன் ஒளியை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை ஏற்றி இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அலைவெண் ஓர் இம்மி விலகும். துறையில் இதைச் சிர்ப் என்பார்கள். இம்மிதானே என்று விட முடியாது. எண்பது கிலோமீட்டர் ஃபைபரைக் கடப்பதற்குள் துடிப்புகள் அகன்று, ஒன்றின் காலை ஒன்று மிதித்து, மறுமுனையில் செய்தி குழம்பிப்போய்ச் சேரும்.

இந்த இம்மியோடு பொறியாளர் ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தியிருந்தார். வழி என்னவோ புத்தகங்களில் இருந்ததுதான். அதை இந்த லேசருக்குப் பொருத்தத்தான் ஒன்பது வருடம். லேசரைத் தொடக் கூடாது. அதுபாட்டுக்கு ஒரே சீராக எரியட்டும். வெளியே மாடுலேட்டர் என்றொரு கதவு வைத்தால், ஒளியை விடுவதையும் மறிப்பதையும் அது பார்த்துக்கொள்ளும்.

மாதக் கடைசிக்குள் இது வேலை செய்வதை இயக்குநர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் லேசர் இருக்கும் அறை பதிவேட்டுப் பிரிவுக்கு, லேசர் கிடங்குக்கு. பொறியாளர் நான்காம் மாடிக்கு ஏறினார்.

"அதாவது, வெளிச்சம் குடுக்கிறவரைத் தொந்தரவு பண்ணினா அவர் நழுவறார்?" என்றார் இயக்குநர்.

"அவர் இல்ல சார், அது."

"தொந்தரவு பண்ணாம விட்டா?"

"நிலையா இருக்கும் சார்."

"கதவு வெளியில இருக்கணும்?"

"ஆமா சார்."

இயக்குநரின் கண் கலங்கியது. "இத்தனை வருஷமா எனக்கு என்ன கோளாறுன்னு இன்னிக்குத்தான்யா புரியுது."

மறுநாளே சுற்றறிக்கை வந்தது. 'முடிவெடுக்கும் நிலையிலுள்ள அலுவலர்களை அடிக்கடி ஏற்றி இறக்குவதால் அவர்தம் முடிவுகள் நழுவுவது அறிவியல்பூர்வமாகக் கண்டறியப்பட்டுள்ளபடியால், இனி அன்னார் இடையறாது நிலையாக இருத்தப்படுவர். விடுதலும் மறித்தலும் வாயிற்பணியாளரால் வெளியிலேயே நிறைவேற்றப்படும்.'

ஒரே வாரத்தில் எல்லா அறை வாசலிலும் ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒருவர். பொறியாளர் கோப்போடு போனபோது இயக்குநரின் வாயிற்பணியாளர் கையை நீட்டி மறித்தார்.

"ஐயா நிலையா இருக்கார்."

"ஒரு கையெழுத்துதாங்க."

"அதுலதான் நழுவறதே ஆரம்பிக்குதாம். நீங்கதானே கண்டுபிடிச்சீங்க?"

திட்டம் பெரும் வெற்றி. முன்பெல்லாம் திங்கட்கிழமை 'சரி' என்றவர்கள் புதன்கிழமை 'பார்க்கலாம்' என்பார்கள். இப்போது திங்கட்கிழமையே ஒன்றும் சொல்லாததால் நழுவல் சுழியம் என்று முதல் வார அறிக்கை பதிவுசெய்தது. மற்ற அலுவலகங்களிலிருந்தெல்லாம் இதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள்.

பொறியாளர் வீட்டில் இதைச் சொல்லிப் புலம்பினார்.

"இருபது வருஷமா நீங்க வீட்ல அப்படித்தானே இருக்கீங்க? உங்க வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கறது நான்தான்" என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை என்பதை அவர் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

மாதக் கடைசிக்கு எட்டு நாள் இருந்தது. ஃபைபர் ஒட்டுகிற அக்கா பொறுமையிழந்தாள். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான், பொறியாளருக்கும்.

"கையெழுத்து இல்லேன்னா வெளிச்சம் போகாதா சார்? வாங்க, போட்டுப் பாப்போம்."

போட்டார்கள். உருளை உருளையாகச் சுற்றிய எண்பது கிலோமீட்டரைத் தாண்டி, அடுத்த மேசைக்குத் துடிப்புகள் ஒன்றையொன்று இடிக்காமல் வந்து சேர்ந்தன. அக்கா கைதட்டினாள். பார்த்ததாக எழுதித்தர ஆள்தான் இல்லை. தகுதியுள்ளவர்கள் அனைவரும் நிலையாக இருந்தார்கள்.

அப்போதுதான் அந்த ஆணை வந்தது. திட்டத்தின் மூலகர்த்தா என்ற முறையில் பொறியாளர் நழுவல் குறைப்பு அலுவலராக நியமிக்கப்படுகிறார். நான்காம் மாடியில் அறை, வாசலில் ஆள். சிர்ப் தொடர்பான கோப்புகளில் இனி அவரே கையெழுத்திடலாம்.

"ஏத்துக்குங்க சார்! நம்ம கோப்புல நீங்களே போட்டுடலாம்" என்றாள் அக்கா. அதற்காகத்தான் ஏற்றுக்கொண்டார். அப்படித்தான் அவர் தமக்குச் சொல்லிக்கொண்டார்.

அறை அமைதியாக இருந்தது. நாற்காலி ஒரு முழு வட்டம் சுற்றியது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நான்காம் நாள் அக்கா வாயிற்பணியாளரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கோப்பைப் பிரித்து வைத்தாள்.

"இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. அவ்வளவுதான் சார்."

பொறியாளர் பேனாவைத் திறந்தார். சொந்த லேசருக்குச் சொந்தக் கையெழுத்து. நாலு பேர் என்ன சொல்வார்கள்? வந்தவுடன் அவசரப்பட்டுவிட்டான் என்பார்களோ? இன்று போட்டுவிட்டு நாளை மனம் மாறினால்? பேனாவை மூடினார்.

"வெச்சிட்டுப் போங்க அக்கா. ரெண்டு நாள் நல்லா யோசிச்சு, வெள்ளிக்கிழமை போடறேன்."

"சார், வியாழக்கிழமையோட மாசம் முடியுது. அன்னிக்கே லேசரைக் கழட்டித் தூக்கிட்டுப் போயிடுவாங்க!"

பொறியாளர் உண்மையாகவே யோசித்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"அப்படின்னா வெள்ளிக்கிழமை முடிவெடுக்கறது இன்னும் சுலபம் அக்கா."