சீராகப் போன டயர் திரும்பி வந்த விவகாரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. தட்சிணாமூர்த்தி அவர்கள் சமூகத்துக்கு,

குமராட்சியிலிருந்து கண்ணாயிரம் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் லோகநாயகியும் சுகம். கறவை மாடு சுகம். மஞ்சக்குப்பத்தில் தாங்களும், சம்பந்தி அம்மா அமராவதி அவர்களும், மாப்பிள்ளை அன்பரசுவும், எங்கள் பெண் அனுப்பிரியாவும் சுகமாக இருக்கத் திருவந்திபுரம் தேவநாத சுவாமியை வேண்டிக்கொள்கிறேன். நேற்றுத் தாங்கள் லோடு வண்டியில் திருப்பி அனுப்பிய ஐந்து டயர்களும் ஒரு சேதமும் இல்லாமல் வந்து சேர்ந்தன. நாங்கள் வைத்துக் கொடுத்த சந்தனமும் குங்குமமும்கூட அழியாமல் அப்படியே இருந்தன. அவற்றை இப்போது கூடத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம். மேல் டயருக்குள் கோழி ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது.

சம்பந்தி, நான் கோபக்காரன் இல்லை. கடலூர் சிதம்பரம் தடத்தில் தனியார் பஸ்ஸில் நடத்துனராக இருந்து தலை நரைத்தவன். சில்லறை இல்லாதவனிடமும், சீட்டு வாங்காமல் தூங்குவது மாதிரி நடிப்பவனிடமும் மரியாதையாகப் பேசியே பழக்கப்பட்டவன். ஆனால் வண்டி வந்து நின்ற நேரம் என்ன நேரம் தெரியுமா? தண்ணீர் வருகிற நேரம். தெருவே குடத்தோடு வாசலில் நிற்கிறது. லோடு வண்டிக்காரர் ஒவ்வொரு டயராக இறக்கித் தரையில் உருட்டிவிடுகிறார், அது ஆடி ஆடிப் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் விசாரித்துவிட்டு என் வீட்டுக்கு வருகிறது. எதிர்வீட்டுக் கலைமணி, “இன்னா மாமா, டயர் கட வக்கப் போறீங்களா?” என்று கேட்டாள். அதற்குச் சிரித்துவிட்டேன். அடுத்த கேள்விக்குத்தான் சிரிக்க முடியவில்லை. “சீரு திரும்பி வந்துட்ச்சே, அனு எப்ப வருது?” என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. சீர் திரும்பி வந்தால் பின்னாலேயே பெண்ணும் வருகிறாளா என்று எட்டிப் பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். லோகநாயகி அப்போது உள்ளே போய்ப் படுத்தவள். இதை எழுதுகிற வரைக்கும் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த டயர் யோசனை என்னுடையதா? சம்பந்தி அம்மாதான் தொலைபேசியில் லோகநாயகியிடம், “தலைச் சித்திரைக்கு வேட்டி சட்டைல்லாம் வேணாங்க, புள்ள வண்டிக்கு டயரு தேஞ்சி போய்ட்ச்சி, அத எடுத்துக் குடுத்துடுங்க” என்று சொன்னது. டயரைச் சீராக எடுத்துப் போன குடும்பம் ஜில்லாவில் எங்கள் குடும்பம் ஒன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் மாப்பிள்ளை மனசுதான் முக்கியம் என்று சிதம்பரத்தில் எனக்குப் பழக்கமான சாமிக்கண்ணு கடைக்குப் போனேன். அவன் மூன்று வரிசை காட்டினான். ஒன்று வெளிநாட்டு டயர், கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது, தொடுவதற்கே கூச்சமாக இருந்தது. ஒன்று மட்டமான டயர், அதைத் தொட எனக்கே பிடிக்கவில்லை. நடுவில் இருந்தது நடுத்தர டயர். நான் ஆயுசு முழுக்க எதை எடுத்தாலும் நடுவாந்தரமாக எடுத்து ஒரு தடவையும் கெட்டுப் போகாதவன். வேட்டி அப்படி, வீடு அப்படி, பெண்ணுக்கு வரன் பார்த்ததும் அப்படித்தான் (இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்). நான்கு டயர் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் லோகநாயகி, “வரிசத் தட்டு ஒத்தப்படையில இல்ல போவணும்? நாலு எடுத்துகினு போனா நல்லாவா இருக்கும்?” என்றாள். திரும்பப் போய் ஐந்தாவதாக ஒன்று எடுத்து வந்தேன். உங்கள் வீட்டுக் காரில் ஸ்டெப்னி வைக்க இடமே கிடையாது என்பதைச் சீர் வைத்த பிறகு மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார். காற்று இறங்கினாலும் ஓடுகிற மாதிரி வண்டியாம். எங்கள் காலத்தில் காற்று இறங்கினால் ஜனங்களை இறக்கிவிட்டு மரத்தடியில் உட்கார்வோம்.

இனி, டயரோடு தாங்கள் அனுப்பிய சீட்டுக்கு வருகிறேன். “டயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது வேகத்துக்கென்றே செய்த பெர்ஃபார்மன்ஸ் கார். நடுத்தர விலை டயர் இதற்குப் போதாது. மன்னிக்கவும்” என்று எழுதியிருந்தீர்கள். தாங்கள் காலேஜில் பாடம் எடுத்தவர், நான் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காரில் நானும் உட்கார்ந்து வந்திருக்கிறேன் என்பதைத் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

மாப்பிள்ளை அதைக் கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கியபோது, “நின்ன எடத்துலேர்ந்து நூறத் தொட ஏழு செகண்டு போதும் மாமா” என்று சொன்னார். அந்த ஏழு செகண்டுக்காக நானும் காத்திருக்கிறேன், இன்னும் வந்தபாடில்லை. மாசி மாதம் உங்கள் வீட்டிலிருந்து எங்களை இங்கே கொண்டுவந்து விட்டார் அல்லவா? ஆலப்பாக்கத்தில் ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் சேர்ந்தார், புதுச்சத்திரம் வரைக்கும் அதை விட்டுப் பிரியவில்லை. வலப்பக்க விளக்கைப் போடுவார், எட்டிப் பார்ப்பார், விளக்கை அணைத்துவிட்டு மறுபடியும் கரும்பையே பார்ப்பார். நாலு வழிச் சாலை சம்பந்தி, ஆடுகூட அவசரமில்லாமல் தாண்டிப் போகலாம். பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. ஒரு பஸ்ஸில் எனக்குத் தெரிந்த கண்டக்டர் இருந்ததால் நான் செருப்பைத் தேடுவது மாதிரி கீழே குனிந்துகொண்டேன். பின் சீட்டில் அனுப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பாவம், வயிற்றைப் புரட்டுகிறதோ என்று அவளுக்கு எலுமிச்சம்பழம் கொடுத்தேன்.

அதோடு முடிந்ததா? குமராட்சிக்குள் நுழைகிற இடத்தில் ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி இறங்கினால் உளுந்து உதிர்ந்துவிடும், அறுப்புக் காலத்தில் இங்கே தார் ரோடுதான் களம். மாப்பிள்ளை அதைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டார். உளுந்துக்காரி பொன்னி ஓடி வந்து, “இன்னா சாரு நின்னுட்டீங்க? ஏத்துங்க, அதுக்குத்தான போட்டு வச்சிருக்கோம்” என்றாள்.

மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கி, “செடி அடியில சுத்திக்கும்மா, இது பெர்ஃபார்மன்ஸ் வண்டி” என்றார்.

“லாரிக்காரனே ஏறிப் போறான், இவ்ளோண்டு வண்டிய வச்சிக்கினு இன்னா யோசன? ஏத்துங்க!”

ஏற்றினார். அந்தப் பக்கம் போய் மூச்சு விடுவதற்குள், “ரிவர்ஸுல ஒரு தபா வாங்க சாரு, ஓரத்துல அடிபடல” என்று கத்தினாள். பெரியவர்கள் சொன்னால் தட்டாத பிள்ளை, ரிவர்ஸில் வந்தார். மறுபடி முன்னால் போனார். பொன்னி கை காட்டக் காட்ட ஓரத்தை எல்லாம் மிதித்துக் கொடுத்தார். கடைசியில் டயர் பள்ளத்தில் சிக்கியிருந்த உளுந்தை அவள் ஊக்கால் நோண்டி எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டுதான் எங்களை விட்டாள். அந்தக் கார் என் கண் முன்னால் காட்டிய பெர்ஃபார்மன்ஸ் இது ஒன்றுதான். இந்த வேலைக்கு வெளிநாட்டு டயர் எதற்கு என்று நான் கேட்டால் அதில் என்ன தப்பு?

சாமிக்கண்ணுவிடம் நான் விசாரிக்காமல் வாங்கவில்லை. “மாமா, இந்த நடுவாந்தர டயரே மணிக்கு எரநூத்து நாப்பது வேகம் தாங்கும். ஒசந்த டயருன்னா ரப்பர் மெத்துன்னு இருக்கும், மழையில, வளைவுல, திடீர்னு பிரேக் அடிச்சா கெட்டியா புடிக்கும், சீக்கிரம் தேஞ்சும் போவும். வேகமா ஓட்றவங்களுக்கு அது வேணும். உங்க மாப்ள எப்டி ஓட்டுவாரு?” என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். “அப்ப இதுவே ஜாஸ்தி மாமா” என்றான். இருநூற்று நாற்பது வேகத்தில் போக நம் பக்கத்தில் எங்கே இடம் இருக்கிறது, சொல்லுங்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை, அதைத் தாண்டினால் மாடு, மாட்டைத் தாண்டினால் கல்யாண ஊர்வலம், ஊர்வலம் முடிந்தால் மறுபடி வேகத்தடை. எங்கள் பஸ் பின் சக்கரத்தில் பழைய டயருக்கு மேல் புதுத்தோல் ஒட்டி ஓட்டினோம். படியில் தொங்கியவர்களைச் சேர்க்காமலே பஸ் நிறைந்து வழியும், மேலே கருவாட்டுக் கூடை வேறு. அப்படியும் கடலூரில் ஏறியவரைச் சிதம்பரத்தில் இறக்காமல் விட்டதில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். தாங்கள் பல்லைப் பிடித்துப் பார்த்தது மட்டுமல்ல, மாட்டையே லோடு வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள்.

ஆகவே சம்பந்தி அவர்களே, என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நடுத்தர டயர் அந்தக் காருக்குப் போதும். போதும் என்பது மட்டுமல்ல, மிச்சமும் இருக்கிறது. இதே ஐந்து டயரும் மறுபடி சந்தனம் குங்குமத்தோடு உங்கள் வாசலுக்கு வரும். தாங்கள் நாலு டயரைச் சித்திரை ஒன்றாம் தேதிக்குள் மாட்டிக்கொள்ள வேண்டும், ஐந்தாவதைப் பூச்செடி வைக்கவாவது பயன்படுத்த வேண்டும். மாட்டாவிட்டால் நானே பஸ் ஏறி வந்து, உங்கள் தெரு பிள்ளையார் கோயில் வாசலில் நின்று நியாயம் கேட்பேன். எனக்கு டயரைப் பற்றிக் கவலை இல்லை. என் பெண் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், அவள் கொண்டுவந்தது போதவில்லை என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் அனுப்பிரியாவுக்கும் எங்கள் ஆசீர்வாதம். அவள் வேலைக்குப் பஸ்ஸில் போகும்போது டிரைவருக்குப் பின் சீட்டிலேயே உட்காரச் சொல்லவும், அதுதான் பத்திரம்.

இப்படிக்கு,
மனத்தாங்கலோடும் மாறாத மரியாதையோடும்,
கண்ணாயிரம்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுத் தபாலாபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் அனுப்பிரியா போன் செய்தாள். “அப்பா, மாமா மேல கோவப்படாதீங்க. டயர திருப்பி அனுப்பச் சொன்னதே நாந்தான்” என்றாள்.

“நீ யாரு சொல்றதுக்கு? வண்டி ஓட்றவரு சொல்லட்டும்” என்றேன்.

“வண்டி ஓட்றவதாம்ப்பா சொல்றேன்” என்றாள்.

மாப்பிள்ளை புதுச்சேரிக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறாராம். காரை எடுத்துக்கொண்டு தினமும் அண்ணாமலை நகருக்கு வேலைக்குப் போய் வருவது இவளாம். பஸ்ஸில் போவதாக என்னிடம் சொன்னாயே என்று கேட்டால், “உண்மையச் சொன்னா நீங்க தூங்க மாட்டீங்க” என்கிறாள். சென்ற வாரம் கோடை மழையில் முட்லூர் தாண்டி ஒரு கன்றுக்குட்டி குறுக்கே வந்ததாம். பிரேக் அடித்தாளாம். தேய்ந்திருந்தாலும் வண்டியில் இருக்கிற பழைய டயர் உயர்ந்த ரகம் என்பதால் வண்டி கொஞ்சம் வழுக்கிக் கன்றுக்குட்டியின் மூக்கருகில் போய் நின்றதாம். “எவ்ளோ வேகத்துல போன?” என்று கேட்டேன். “கன்னுக்குட்டிக்கு ஒண்ணும் ஆவலப்பா” என்றாள். பிறகு, “அந்த வண்டிய மெதுவா ஓட்டினா அதுக்குப் புடிக்காதுப்பா” என்றாள்.

 காரணத்தை எங்களிடம் சொல்லக் கூடாது என்று அவள் உங்களிடம் சத்தியம் வாங்கினாள் என்றும், அதனால்தான் தாங்கள் பழியைத் தலையில் போட்டுக்கொண்டு அந்தச் சீட்டை எழுதினீர்கள் என்றும் சொன்னாள். என்னை மன்னிக்க வேண்டும் சம்பந்தி. கடிதத்தைக் கிழித்துவிடத்தான் எடுத்தேன். சில இடங்கள் நன்றாக வந்திருப்பதாக லோகநாயகி சொன்னதால் மனசு வரவில்லை. மேலே உள்ளவற்றைப் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும்.

சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டு, கண்ணாடி அலமாரியில் இருப்பதை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். “நடுவாந்தரமே ஜாஸ்தின்னு பேசிக்கினோமே மாமா?” என்றான். “வாய மூடிகினு எடுத்து வை” என்றேன். நாளைக் காலை நானே கொண்டுவருகிறேன். அதுவரை அவளிடம் சாவியைக் கொடுக்க வேண்டாம். மாப்பிள்ளை ஓட்டினால் நடுத்தர டயர் தாராளம் என்று மேலே எழுதியதில் மட்டும் நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஓட்டுவது என் பெண், சம்பந்தி; அதற்கு எந்த டயரும் போதாது.