கெக் மூடிக்கு நல்லெண்ணெய்

அமெரிக்காவுக்கு வந்தவன் பொறாமைப்பட ஆயிரம் விஷயம் இருக்கிறது. நமக்குப் பின்னால் வந்தவனுக்கு முதலில் கிரீன் கார்டு வரும், அவன் பிள்ளைக்கு நல்ல காலேஜ் கிடைக்கும், அவன் வீட்டுக்குப் பின்னால் குளம் இருக்கும். இதற்கெல்லாம் நான் கலங்கியதே இல்லை. (கிரீன் கார்டுக்குக் கொஞ்சம் கலங்கியிருக்கிறேன்.) என்னைப் பொறாமையில் வேகவைத்தது ஒரு பீர். வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் செந்தில், தன் வீட்டு கராஜில் காய்ச்சிய பீர்.

செந்தில் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். என்னைப் போலவே பேங்க் சாஃப்ட்வேர் வேலை, என்னைப் போலவே தொப்பை. ஆனால் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து, அதாவது பாட்லக், எங்கே நடந்தாலும் ஒரு ஸ்டீல் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அதற்குக் கெக் என்று பெயர். அப்புறம் அந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. நான் பார்த்துப் பார்த்துச் செய்த (உண்மையில் என் மனைவி வாணி செய்த) சேப்பங்கிழங்கு வறுவல் ஒரு மூலையில் அநாதையாகக் கிடக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாமனார் ஊரிலிருந்து வந்து தங்கிய பிறகுதான் பொறுக்க முடியாமல் போனது.

என் மாமனார் ஓய்வு பெற்ற தாசில்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. புது வீட்டைப் பெருமையாகச் சுற்றிக் காட்டினேன். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அட்டைல கட்டிருக்கான் போல மாப்ளே" என்றார். அப்படிப்பட்டவர் ஒருநாள் செந்தில் கராஜுக்குப் போய் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து சாயங்காலமானால் வாக்கிங் கிளம்பினார். அந்த வாக்கிங் இரண்டு வீட்டைத் தாண்டியதே இல்லை.

"செந்திலு கையில என்னமோ இருக்கு மாப்ளே. அந்த நுரை இருக்கே நுரை, வெண்ணெய்!"

"நானும் வீட்ல பண்ணலாம்னு இருக்கேன் மாமா."

"எதுக்கு? அதான் அவர் பண்றாரே."

எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. மாமனார் ஊருக்குத் திரும்ப இன்னும் ஒரு மாதம் இருந்தது. கிளம்புமுன் ஒரு சனிக்கிழமை நண்பர்களைக் கூப்பிட்டு வழியனுப்பு விருந்து வைப்பதாக இருந்தோம். அந்த விருந்தில் அவர் என் பீரைக் குடித்துவிட்டு, செந்திலின் காதுபட, "பிரமாதம் மாப்ளே" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். அதற்காகக் கெக், கேஸ் சிலிண்டர், குழாய் என்று ஒரு தொழிற்சாலையையே கராஜில் இறக்கினேன்.

காய்ச்சுவதும் புளிக்கவைப்பதும் ஒழுங்காகவே நடந்தன. சிக்கல் அதற்குப் பிறகுதான். புளித்த பீரில் நுரைக்கத் தேவையான அளவு கேஸ் இருக்காது. அதைக் கெக்கில் ஊற்றி மூடி, சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை அழுத்தத்தோடு செலுத்தி, குளிரில் ஒரு வாரம் விட்டுவைக்க வேண்டும். கேஸ் மெல்ல மெல்லப் பீரில் கரையும். நானும் அப்படியே செய்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் சிலிண்டர் காலி, பீர் வெறும் கஷாயம்.

எங்கேயோ லீக். செந்திலைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அதனாலேயே கேட்கவில்லை.

சிலிண்டரை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து, பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே முறையில் சோதித்தேன். கேஸ் லீக் என்றால் மோந்து பார்க்க வேண்டும். ரெகுலேட்டர், குழாய், மூடி என்று ஒவ்வொன்றிலும் மூக்கை வைத்து இழுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் மூக்கில்தான் கோளாறோ என்று மாமனாரைக் கூப்பிட்டேன். அவர் தாசில்தார் தோரணையில் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மோந்தார்.

"நாத்தமே இல்ல மாப்ளே. லீக் கிடையாது."

நாங்கள் இருவரும் பீப்பாயின் இரண்டு பக்கமும் மண்டியிட்டு மோந்துகொண்டிருந்தபோது வாணி உள்ளே வந்தாள்.

"ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"

"கேஸ் லீக் ஆகுதான்னு செக் பண்றோம்."

"சோடால இருக்கற கேஸ்தானே இது? சோடாவை மோந்து பாத்தா நாத்தமா அடிக்குது?"

மாமனார் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, வாக்கிங் கிளம்பினார். சமையல் கேஸில் அந்த நாற்றத்தை வேண்டுமென்றே கலந்து அனுப்புகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. (நான் இன்ஜினியரிங் படித்தவன். எந்தக் காலேஜ் என்று கேட்காதீர்கள்.)

அடுத்து சோப்புத் தண்ணீர். லீக் இருக்கும் இடத்தில் தடவினால் அங்கே குமிழி கிளம்பும். பாத்திரம் துலக்கும் சோப்பைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆர்வக்கோளாறில் அடி அடியென்று அடித்துக் கலக்கினேன். கிண்ணம் முழுக்க நுரை. அதை அள்ளிப் பூசியதும் எங்கே பார்த்தாலும் குமிழி. ரெகுலேட்டரில் குமிழி, கெக்கின் அடியில் குமிழி, என் கைக்கடிகாரத்தில் குமிழி. அந்தக் கணக்கில் கடிகாரமும் லீக்தான்.

அந்தக் கோலத்தில் நான் இருந்தபோதா செந்தில் வர வேண்டும்?

"என்னங்க தண்டபாணி, கெக்கைக் குளிப்பாட்டறீங்களாட்ட இருக்குது?"

"சும்மா, கிளீன் பண்றேன்."

"லீக் கீக் இருந்தாச் சொல்லுங்க. மூடிக்குப் போடற ரப்பர் வளையம், அதுக்குத் தடவற கிரீஸு, எல்லாம் நம்மகிட்ட எக்ஸ்ட்ரா கெடக்குதுங்க."

"லீக்கா? எனக்கா? சான்ஸே இல்ல."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தங்கமான மனிதர். எனக்கு அதுதான் பெரிய இடைஞ்சல். கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, சோப்பை நுரைக்காமல் கலந்து, சொட்டுச் சொட்டாக வைத்துப் பார்த்தேன். மூடியின் விளிம்பில் ஒரே ஒரு குமிழி, தவளையின் தொண்டை போல உப்பியது, வெடித்தது, மறுபடி உப்பியது. கண்டுபிடித்துவிட்டேன்! அழுத்தத்தை இறக்கி மூடியைத் திறந்தேன். அதைச் சுற்றியிருந்த கறுப்பு வளையத்தைக் கையில் எடுத்ததும் எனக்கு ஞானோதயம் ஆனது. குக்கர் கேஸ்கட்டேதான்.

குக்கர் கேஸ்கட் தளர்ந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? கொஞ்ச நேரம் ஃபிரீசரில் வைப்போம். அப்புறம் எண்ணெய் தடவுவோம். இரண்டையும் செய்தேன். செந்தில் சொன்ன கிரீஸும் ஒரு வகை எண்ணெய்தானே, அதற்காக அவர் வாசலில் போய் நிற்பானேன்? அடுப்படியில் கைக்கு அகப்பட்டது நல்லெண்ணெய். தாராளமாகத் தடவினேன். விளிம்பைச் சுற்றியும் கொஞ்சம் ஊற்றினேன். மூடி, கேஸைத் திறந்து, சோப்புத் தண்ணீரை வைத்தால் ஒரு குமிழி இல்லை. கராஜில் தன்னந்தனியாக ஆடினேன். கேஸ் சீக்கிரம் கரையட்டும் என்று கெக்கையும் தினமும் தொட்டில் போல ஆட்டினேன். சிலிண்டர் அப்புறம் காலியாகவே இல்லை.

விருந்தன்று செந்திலிடம், "இன்னிக்கு நீங்க எதுவும் கொண்டு வர வேணாம்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். எல்லோர் முன்னாலும் முதல் கிளாஸை மாமனாருக்குப் பிடித்தேன். பீர் பாய்ந்து வந்தது. கிளாஸுக்குள் விழுந்ததும் பொசுக்கென்று அடங்கிவிட்டது. நுரை என்று பேருக்குக்கூட இல்லை. அதற்குப் பதிலாக மேலே தங்க நிறத்தில் வட்ட வட்டமாக எண்ணெய் மிதந்தது.

மாமனார் ஒரு வாய் குடித்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"வாணி, இதுக்கு இட்லி எங்கம்மா?"

கூடம் அதிர்ந்தது. சிரிப்பு கொஞ்சம் அடங்கும் நேரம் பார்த்து வாணி, "அப்ப என் நல்லெண்ணெய் பாட்டிலைக் காலி பண்ணது நீங்கதானா?" என்றாள். அடங்கிய சிரிப்பு மறுபடி கிளம்பியது. எனக்குக் கெக்குக்குள் இறங்கி உள்ளேயிருந்து மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

சிரிக்காதவர் செந்தில் மட்டும்தான். ஒரு வாய் குடித்தார். யோசித்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"சிரிக்காதீங்க. எண்ணெய் பட்டா நுரை நிக்காதுங்க, ஆனா இந்த எள்ளு வாசம் இருக்குது பாருங்க, கருப்பு பீருக்கு அம்சமா இருக்கும். வறுத்த எள்ளு போட்டு நானொரு தடவை ட்ரை பண்ணிப் பாக்கட்டுங்களா தண்டபாணி?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பேச்சு முடிந்தால் போதும் என்று, "தாராளமா பண்ணுங்க" என்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் நிஜமாகவே போட்டுவிட்டார். நன்றிக்கடனாம், அதற்குத் 'தண்டபாணி' என்றே பெயரும் வைத்துவிட்டார். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் எந்த பாட்லக்கிலும் முதலில் தீர்வது தண்டபாணிதான். ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள், "நீங்கதான் அந்த பீரா?" என்று கை குலுக்குகிறார்கள். வீட்டில் எதையாவது ரிப்பேர் பார்க்க ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தால் போதும், "நல்லெண்ணெய் எடுத்துத் தரட்டுமா?" என்கிறாள் வாணி.

மறு வருஷம் மாமனார் வந்தார். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நேரே வாக்கிங். நானும் கூடவே போனேன். செந்தில் கராஜில் எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கிளாஸ் தந்தார். மாமனார் மீசையில் நுரை படக் குடித்தார். கண்ணை மூடினார்.

"பிரமாதம்!" என்றார். "தண்டபாணி பிரமாதம்!"

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து செந்திலின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

நான் என் கையிலிருந்த கிளாஸைக் குடித்துப் பார்த்தேன். ஏதாவது ஒரு குறை சொல்லலாம் என்று தேடினேன். கிடைக்கவில்லை. வயிறு எரிய எரிய இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடித்தேன்.