மூன்றாவது பெஞ்சில் ஒரு தூக்கம்

தூங்குவதற்கென்றே குளித்து, சலவைச் சட்டை போட்டு, தலைவாரி, பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிற மனிதரை இந்த உலகத்திலேயே நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். திருப்பதியில் எங்கள் சின்னத் தமிழ்ச் சபைக்கு அவர் வாட்ச்மேன் அண்ணன். சொந்தப் பெயர் சபைப் பதிவேட்டில் இருக்கும். சபைச் செயலாளர் நான்தான், பதிவேடும் என் பீரோவில்தான் இருக்கிறது. இருந்தும் ஒருநாள்கூடத் திறந்து பார்க்கத் தோன்றியதில்லை.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு நைட் டியூட்டி. பகலில் படுக்க, கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஓர் அறை. பக்கத்திலேயே தண்ணீர் மோட்டார். "மோட்டார் ஓடினா செவுரே ஆடுது சார், கண்ணு எப்டி மூடும்?" என்பார். வாரம் முழுக்கக் கோழித் தூக்கம்தான். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் மூன்றாவது பெஞ்சில் வந்து உட்கார்ந்தால்தான் உறக்கம் என்று சொல்லும்படி ஒன்று அவருக்கு வரும்.

முதல் பாட்டை நன்றாகவே பாடுவார். இரண்டாம் பாட்டில் குரல் தேயும். பாஸ்டர் தொண்டையைச் செருமுவார், இங்கே அண்ணனுக்குக் கண் செருகிவிடும். கிழக்கு ஜன்னலின் நீலக் கண்ணாடி வழியாக வெயில் அவர் முகத்தில் விழும். ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் அறிவிப்பு மூன்று பாஷையில் மிதந்து வரும். மின்விசிறி மெல்லச் சுற்றும். சத்தியமாகச் சொல்கிறேன், அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கும் சொக்கும்.

தூங்குகிறாரே என்று லேசாக நினைத்துவிடக் கூடாது. 'ஆமென்' வரவேண்டிய இடத்தில், விழித்திருக்கிற எங்களுக்கு முன்னால் அவரிடமிருந்துதான் வரும். ஒருமுறை வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர், ஆண்டவர் நம் இதயக் கதவைத் தட்டுகிறார் என்று உருகிப்போய், மேடைப் பலகையில் டொக் டொக்கென்று தட்டியும் காட்டினார். அவ்வளவுதான்.

"எவரதி? யாருப்பா அது கேட்டாண்ட? ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டுட்டு உள்ள போ!"

மூடிய கண் மூடியபடியே இருந்தது. சபை குலுங்கிவிட்டது. பிரசங்கியார் அதற்கப்புறம் எதையும் தட்டவில்லை.

எட்டே முக்காலுக்கு நாங்கள் எழுந்து போவோம். ஒன்பதுக்குத் தெலுங்கு ஆராதனை. அண்ணன் எழுந்தால்தானே? அப்படியே அதிலும் கலந்துகொள்வார். தெலுங்குக்காரர்கள் அவரைத் தங்கள் ஆள் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்துமஸ் கேக்கை இரண்டு பக்கமும் வாங்கிய ஒரே விசுவாசி அவர்தான்.

எப்போதாவது எங்களோடு விழித்துக்கொண்டு டீ குடிக்க வெளியே வந்தால், கண்ட கனவைச் சொல்வார்.

"பாஸ்டரு செங்கடல் பொளந்துச்சுன்னு சொன்னாரு இல்ல? நான் பாத்தேன் சார். நம்ப சொர்ணமுகி ஆறுதான். ரெண்டு பக்கமும் தண்ணி செவுராட்டம் நிக்குது. நடுவுல நம்ப சபையே நடந்துக்கினு போவுது. மண்ணுல ஈரமே இல்ல. நீங்க செருப்ப கையில புடிச்சிக்கினு போறீங்க."

"நான் எதுக்கு செருப்ப கழட்டினேன்?"

"அது உங்களத்தான் கேக்கணும்."

விழித்திருந்த எனக்கு அன்றைய பிரசங்கத்தில் ஒரு வரிகூட நினைவில்லை. அவர் சொன்ன அந்த ஆறு மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில்தான் புதிதாக ஓர் இளம் பாஸ்டர் வந்தார். பெங்களூருக்கும் குவைத்துக்கும் பிழைக்கப் போன எங்கள் பிள்ளைகளும் பார்க்கட்டுமே என்று ஆராதனையை லைவாக விட்டார். ஸ்டாண்டில் மாட்டிய போனில் மேடையும் முன்வரிசை மூன்று பெஞ்சும் தெரியும். கர்த்தருடைய வார்த்தையும் அண்ணனின் குறட்டையும் ஒன்றாக உலகம் சுற்றின. சித்தூரிலிருந்து ஒரு பெரியவர் போன் போட்டு, "அது சபையா, லாட்ஜா?" என்று கேட்டுவிட்டார். பாஸ்டர் முகம் சுருங்கிப்போயிற்று. "செக்ரட்டரி சார், நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்று வேலையை என் தலையில் கட்டினார்.

நானும் பெரிய புத்திசாலி மாதிரி போய்ச் சொன்னேன்.

"அண்ணா, டியூட்டி முடிஞ்ச கையோட எதுக்கு இங்க அலைஞ்சிக்கினு? ரூம்ல படுத்துக்கினே போன்ல பாக்கலாம். தூக்கம் வந்தா அப்டியே தூங்கிடலாம்."

அண்ணன் என்னையே பார்த்தார். "கொறட்ட வுட்டு உங்களுக்கெல்லாம் இம்சை குடுத்துட்டேன். செரி சார்" என்று பைபிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டிருந்தாலாவது நானும் பதிலுக்கு ரெண்டு கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

மூன்று ஞாயிறு பெஞ்ச் காலியாகக் கிடந்தது. மூன்றாவது வாரம் லைவுக்குக் கீழே கேள்விகள் வந்து விழுந்தன. "மூணாவது பெஞ்ச் அண்ணன் எங்க?" என்று பெங்களூரிலிருந்து ஒரு நர்ஸ் பெண். "உடம்பு சரியில்லையா? யாராச்சும் போய்ப் பாத்தீங்களா?" என்று குவைத்திலிருந்து ஒரு டிரைவர். பிரசங்கத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. கடல் கடந்து இருக்கிறவன் கேட்கிறான், ஒரே ஊரில் இருக்கிற நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அன்றைக்கு ஆராதனை முடிந்ததுமே பாஸ்டரும் நானும் பைக்கில் போனோம். அண்ணன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதே சலவைச் சட்டை, வாரிய தலை. எதிரே அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த போன். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"தூங்கலியாண்ணா? மோட்டார் சத்தமா?" என்றேன்.

"இன்னிக்கு மோட்டாரே ஓடல சார்." தலையைக் குனிந்துகொண்டார். "வாரம் பூரா இங்க எல்லாரும் தூங்கணும்னு நான் முழிச்சிக்கினு கீறேன். எனக்காவ முழிச்சிக்கினு இருக்க யாரு கீறாங்க? அங்க வந்தா நீங்க நாப்பது பேரு முழிச்சிக்கினு இருப்பீங்க. நாம தூங்கினா இவங்க பாத்துக்குவாங்கன்னு ஒரு தெகிரியம் வந்துடும். போன்ல பாட்டு வருது, பிரசங்கம் வருது. அது வர்ல சார்."

பாஸ்டர் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கிளம்பும்போது, "வர்ற ஞாயித்துக்கெழம வந்துடுங்கண்ணா. சித்தூருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

வந்தார். நான் என் வழக்கமான இடத்தை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் பாட்டே முடியவில்லை, ஆள் குறட்டையை ஆரம்பித்துவிட்டார்.

கடைசி ஆசீர்வாதத்துக்குச் சபை முழுக்க எழுந்து நின்றது. நான் எழவில்லை. செயலாளரே உட்கார்ந்திருக்கிறாரே என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். அண்ணனின் தலை என் தோளில் இருந்தது.