கதகதப்பு அறக்கட்டளைக்கு வந்த ஆடு

வாயை வைத்துக்கொண்டு கைர்கெல்தி சும்மா இருந்திருக்கலாம். அக்புலாக் ஊருக்குப் போனோமா, பூட்டிக் கிடக்கும் குளியல்கூடத்தின் புகைபோக்கியை அளந்தோமா, கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல் திரும்பினோமா என்று இருந்திருந்தால், இப்போது அவன் கார் டிக்கிக்குள் ஓர் ஆடு கத்திக்கொண்டிருக்காது.

தப்பு முழுக்க அவனுடையதுதான். கொதிகலன் தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் இருந்தவனை, வேலையைவிடப் பேச்சு அதிகம் என்று கண்டுபிடித்து, தொழிற்சாலை நடத்தும் 'கதகதப்பு' அறக்கட்டளைக்கு இந்த வருஷம்தான் தள்ளிவிட்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்கு அறக்கட்டளை பணம் தரும். பூங்காவுக்கு பெஞ்சு, கடைத்தெருவுக்கு மணிக்கூண்டு, பள்ளிக்கூடத்துக்குச் சதுரங்கப் போட்டி என்று எல்லாம் தந்தாயிற்று. கொதிகலன் செய்கிற கம்பெனி, கதகதப்பு என்று பெயரும் வைத்துக்கொண்டு, இதுவரை யாருக்கும் ஒரு கொதிகலன் தந்ததில்லை.

அக்புலாக் பெண்கள் அதைத்தான் கேட்டிருந்தார்கள். அங்கே குளியல்கூடத்தின் பழைய கொதிகலன் வெடித்ததிலிருந்து ஊரே வீட்டுத் தொட்டியில்தான் குளிக்கிறது. 'பனிக்காலத்தில் ஒரே தொட்டித் தண்ணீரில் பிள்ளைகளை வரிசையாக முக்கி எடுக்கிறோம். கடைசிப் பிள்ளை உள்ளே போனதைவிட அழுக்காக வெளியே வருகிறது' என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. கைர்கெல்தி அவன் வீட்டில் கடைசிப் பிள்ளை. படித்ததும் கண் கலங்கிவிட்டது.

அதனால் இயக்குநர் ஓரின்பாசர் அவனைக் கூப்பிட்டு, போய்ப் புகைபோக்கியை அளந்துவிட்டு வா என்றபோது, காரியம் முடிந்துவிட்டது என்றே நினைத்தான். தராத கொதிகலனுக்கு யாராவது புகைபோக்கியை அளப்பார்களா?

அக்புலாக்கில் பிபிஜமால் கதவைத் திறந்தாள். விண்ணப்பம் போட்ட பெண்களுக்கு அவள்தான் தலைவி. அளவுநாடா பையிலிருந்து வெளியே வரும் முன் வாய் முந்திக்கொண்டது.

"அக்கா, சுயுன்ஷி."

அந்தப் பக்கத்து வழக்கப்படி, நல்ல செய்தியை முதலில் கொண்டுவருகிறவன் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், கேட்டவர் எதையாவது எடுத்துக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் செய்தி நிலைக்காது. வந்தவன் வாங்காவிட்டால் செய்தி பொய். பிறந்ததிலிருந்து அப்படிப் பழகிய வாய். கழுத்தில் அறக்கட்டளையின் அடையாள அட்டை தொங்குவது அதற்கு எப்படித் தெரியும்?

பிபிஜமால் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய், அடுப்புக்குப் பின்னால் படுத்திருந்த ஓர் ஆட்டை நடத்திக் கொண்டுவந்தாள். உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காது மட்டும் கறுப்பு.

"எதுக்குக்கா ஆடெல்லாம்? ஒரு ஜோடி காலுறை கொடுத்தாப் போதும்."

"குளியல்கூடமே வருது, அதுக்குக் காலுறையா? டிக்கியத் திற தம்பி."

அலுவலகத்துக்குத் திரும்பியதும்தான் தெரிந்தது. குளியல்கூடம், கால்பந்து மைதானத்துக்கு வேலி, தொழிற்சாலை வாசலில் நீரூற்று என்று மூன்று விண்ணப்பங்கள் பாக்கி இருக்கின்றன. வெள்ளிக்கிழமை கூட்டத்தில்தான் முடிவு. நீரூற்றுக்குத் தலைமை இன்ஜினியர் தோஸ்முகானே வரைபடம் போட்டு, அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைகிறார்.

"அப்போ புகைபோக்கிய அளந்தது?" என்றான் கைர்கெல்தி.

"மைதானத்தையும் அளந்தாச்சு, வாசலையும் அளந்தாச்சு. அளந்தா நாடாவா தேயப்போகுது?" என்றார் ஓரின்பாசர்.

அவர் தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் அவரே எழுதிய விதி தொங்கியது. விண்ணப்பம் போட்டவரிடம் அறக்கட்டளையைச் சேர்ந்தவர் எதையும் வாங்கக் கூடாது. வாங்கினால், வாங்கியவர் வேலையிலிருந்து வெளியே, கொடுத்தவரின் விண்ணப்பம் குப்பைக்கூடையில். தினமும் அதன் கீழே நின்றுதான் கைர்கெல்தி கையெழுத்துப் போடுகிறான். இன்றுதான் முழுதாகப் படித்தான். தன் வேலை போனால் பெயின்ட் பிரிவு இருக்கிறது. அக்புலாக்கின் கடைசிப் பிள்ளைக்கு வேறு எந்தப் பிரிவும் இல்லை.

வெளியே போய்ப் பிபிஜமாலுக்குப் போன் போட்டான். ஆட்டைத் திருப்பிக் கொண்டுவந்து விடட்டுமா என்று பூசி மெழுகிக் கேட்டான்.

"சுயுன்ஷியத் திருப்பினா செய்தியையும் திருப்பணும். திருப்பறியா?"

பின்னணியில் பெண்கள் குளியல்கூடத் தரையைத் தேய்க்கும் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

"அதில்லக்கா, ஆடு என்ன சாப்பிடும்னு கேக்கத்தான்."

"எல்லாம் சாப்பிடும். புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. தனியா மட்டும் விட்டுடாத, கத்தும்."

வீட்டில் மனைவி குல்பாரம் ஆட்டையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். கதையைக் கேட்டுவிட்டு, "லஞ்சம் வாங்கறவன் கவர்ல வாங்குவான். நீ கத்தற லஞ்சமா வாங்கிட்டு வந்திருக்க" என்றாள்.

அடித்துச் சாப்பிட்டுவிட்டால் தடயம் இருக்காது என்று கத்தியைத் தீட்டினான். ஆடு வந்து அவன் மடியில் தலையை வைத்து, கோட்டுப் பொத்தானைச் சப்ப ஆரம்பித்தது. கத்தியைக் கொண்டுபோய் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். கொட்டகையில் கட்டிவிட்டு வந்து படுத்தபோது ஆரம்பித்தது கச்சேரி. யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் நிற்கும், எழுந்தால் தொடரும். விடியும்போது பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று மரியாதையாக விசாரித்தார்.

இனி ஆட்டை வைத்திருக்க முடியாது, திருப்பவும் முடியாது. கொடுக்கத்தான் முடியும். தலைமைக் கணக்காளர் கலம்காஸுக்கு அந்த வாரம்தான் பேரன் பிறந்திருந்தான். பேரன் பிறந்த வீட்டுக்கு ஆட்டோடு போனால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் இல்லை. அன்றைக்குக் கைர்கெல்தி நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் கலம்காஸ் கண் சிவந்து வேலைக்கு வந்தாள். தோஸ்முகான் புது வீடு கட்டிக் குடிபோயிருக்கிறாராம், வெறுங்கையோடு போய்ப் பார்ப்பது அழகா என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அதற்கு மறுநாள் தோஸ்முகான் கண் சிவந்து வந்தார். இயக்குநருக்கு அறுபது முடிந்ததைச் சரியாகக் கொண்டாடவே இல்லையே என்று திடீரென்று அவருக்கு வருத்தம் வந்திருந்தது. ஆடு யார் வீட்டில் இருக்கிறது என்பதைக் கண்ணைப் பார்த்தே கைர்கெல்தி சொல்லிவிடுவான். ஓரின்பாசரின் கண்ணைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் சிவந்த கண்களோடும் ஆட்டோடும் வந்து இறங்கினார். முற்றத்துக் கம்பத்தில் ஆட்டைக் கட்டினார். கூட்டம் முடிந்ததும் சமையலறைக்கு அனுப்பச் சொன்னார். விண்ணப்பக்காரர்களும் விருந்துக்கு இருப்பார்களாம்.

விண்ணப்பக்காரர்கள் என்றால் பிபிஜமாலும்தான். அவள் வந்த பஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

கைர்கெல்தி ஆட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடினான். சமையலறையில் ஆள் இருந்தது. கிடங்கு பூட்டியிருந்தது. கூட்ட அறைக்கு எதிரே, வருகிறவர்கள் பார்ப்பதற்காக வைத்திருந்த பெரிய மாதிரிக் கொதிகலன்தான் காலியாக இருந்தது. கதவைத் திறந்து ஆட்டை உள்ளே தள்ளி, காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டுச் சாத்தினான்.

கூட்டம் தொடங்கியது. பிபிஜமால் உள்ளே வந்ததும் கலம்காஸ் கைப்பைக்குள் எதையோ தீவிரமாகத் தேடினாள். தோஸ்முகான் நீரூற்று வரைபடத்தை விரித்து அதற்குப் பின்னால் மறைந்துகொண்டார். இவர்களுக்கு என்ன வந்தது என்று கைர்கெல்தி யோசிப்பதற்குள், தனியாக விடப்பட்ட ஆடு வாயைத் திறந்தது.

சாதாரண ஆட்டுச் சத்தம்தான். ஆனால் கனத்த இரும்புக்குள் புகுந்து, புகைபோக்கி வழியாக வெளியே வந்தபோது அது தொழிற்சாலைச் சங்குபோல ஒலித்தது. மதியச் சாப்பாட்டு நேரம் என்று நினைத்து வெல்டிங் பிரிவு மொத்தமும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியது.

ஓரின்பாசர் எழுந்து போய்த் தன் கையாலேயே கொதிகலனைத் திறந்தார். ஆடு குதித்து, அவரைச் சுற்றிக்கொண்டு, நேரே பிபிஜமாலிடம் ஓடியது. முன்னங்கால் இரண்டையும் அவள் முழங்காலில் தூக்கி வைத்தது.

"இது உங்க ஆடாம்மா?"

"இல்லீங்க. சுயுன்ஷியாக் கொடுத்தாச்சு. கொடுத்தா அப்புறம் என்னுதில்ல."

"யாருக்குக் கொடுத்தீங்க?"

கைர்கெல்தியின் கால்கள் அவனைக் கேட்காமலே எழுந்து நின்றன.

"எனக்குத்தாங்க. முடிவாகுறதுக்கு முன்னாடியே போய் உளறிட்டேன். என்னை அனுப்பிடுங்க, அவங்க விண்ணப்பத்தத் தூக்கிப் போட்டுடாதீங்க."

"உனக்குக் கொடுத்த ஆடு என் வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

கைர்கெல்தி கலம்காஸைப் பார்த்தான். கலம்காஸ் தோஸ்முகானைப் பார்த்தாள். தோஸ்முகான் கூரையைப் பார்த்தார்.

ஓரின்பாசருக்கு மெதுவாகப் புரிந்தது. கூட்ட அறைச் சுவரிலும் மாட்டியிருந்த அதே கண்ணாடிச் சட்டத்தின் முன் போய் நின்று, வேறு யாரோ எழுதியதைப்போல விதியை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"இந்த விண்ணப்பத்தக் குப்பையில போடணும்," என்றார். "போடறதுக்கு ஆடு வாங்காத ஒரு ஆள் வேணும். இந்த அறையில யாராவது இருக்கீங்களா?"

ஆடு மட்டும் செருமியது.

"சுயுன்ஷியும் வாங்கிட்டுச் செய்தியையும் பொய்யாக்கினான்னு அறுபது வயசுல எனக்குப் பேர் வேண்டாம். குளியல்கூடத்துக்குக் கை தூக்குங்க."

முதலில் உயர்ந்தது தோஸ்முகானின் கை. அதில் இருந்த நீரூற்று நழுவிக் கீழே விழுந்தது. ஆடு அதன் ஒரு மூலையை ருசி பார்த்தது, யாரும் தடுக்கவில்லை. உன்னை அனுப்பினால் நாங்கள் மூன்று பேரும் உன் பின்னாலேயே வர வேண்டியிருக்கும் என்று ஓரின்பாசர் சொன்னதில் கைர்கெல்தியின் வேலையும் தப்பியது. ஆடு இனி குளியல்கூடத்தின் சொத்து என்றும், அதை இன்றைக்கே, இருட்டுவதற்கு முன்பே, ஊரைவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்றும் தீர்மானமாயிற்று. கடைசி வரியை எல்லோரும் அழுத்திச் சொன்னார்கள்.

கைர்கெல்திதான் காரோட்டினான். இந்தத் தடவை ஆடு டிக்கியில் இல்லை. பின் சீட்டில், பிபிஜமாலின் மடியில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டு வந்தது. ஊர் எல்லை தாண்டும்வரை அவனும் பொறுத்துப் பார்த்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். சுத்தி வளைக்காமச் சொல்லணும். நான் சுயுன்ஷின்னு வந்து நின்னப்போ, இன்னும் முடிவாகலைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கணக்கு அம்மா புகைபோக்கிய அளக்க வந்து சுயுன்ஷின்னாங்க, வாத்து கொடுத்தேன். தின்னுட்டு மறந்துட்டாங்க. போன வருஷம் இன்ஜினியர் அளக்க வந்தாரு, அவரும் சுயுன்ஷின்னாரு. கம்பளம் கொடுத்தேன். விரிச்சுப் படுத்துட்டு மறந்துட்டாரு."

அவள் ஆட்டின் கறுப்புக் காதைத் தடவிக் கொடுத்தாள்.

"அப்புறந்தான் தம்பி, ராத்திரி பூரா ஞாபகப்படுத்தற மாதிரி ஒண்ண வளர்க்க ஆரம்பிச்சேன்."