உட்கார்ந்தால் ஓடும் ஃபேன்

ஆள் இல்லாத கூடத்தில் இனி ஒரு நிமிஷம்கூட ஃபேன் ஓடக்கூடாது என்று எண்பத்திமூன்றாம் வருஷம் புரட்டாசி மாதத்தில் குருநாதன் முடிவு கட்டினார். அரியலூரில் ஓர் ஆபீஸில் எழுத்தர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மற்றவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள். இவர் ஃபேனை அணைப்பார். மனைவி ராசாத்தி அடுப்படியில் இருப்பாள். கூடத்து ஃபேன் சுவருக்கு வீசிக்கொண்டிருக்கும். பத்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தாடை வலித்துவிட்டது.

"இனிமே நான் சொல்லமாட்டேன். நாற்காலி பாத்துக்கும்."

"நாற்காலி பேசுமா?"

"பேசாது. அணைக்கும்."

சுவரில் இருந்த சுவிட்சைக் கழற்றி எறிந்தார். மர நாற்காலியின் பலகைக்கு அடியில் ஒரு ஸ்பிரிங், அதற்கும் அடியில் ஒரு சுவிட்ச். ஆள் உட்கார்ந்தால் ஃபேன் ஓடும், எழுந்து நின்றால் ஃபேனும் நிற்கும். சோதனைக்கு ராசாத்தியை உட்காரவைத்தார். ஜோராக ஓடியது. அவளை எழுப்பிவிட்டு அவரே உட்கார்ந்தார். ஃபேன் அசையவில்லை.

வயரை மாற்றினார். ஃபியூஸை மாற்றினார். சுவிட்சை மாற்றினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஸ்டூலில் ஏறி இறங்கியே தீர்ந்தன. ராசாத்திக்கு ஓடிய ஃபேன் அவருக்கு மட்டும் ஓடவில்லை.

"வயர்ல ஒரு கோளாறும் இல்லீங்க. அது உங்கள ஒரு ஆளாவே மதிக்கல" என்றாள் ராசாத்தி.

உண்மைதான். ஸ்பிரிங் லாரிப் பட்டறையில் வாங்கியது. குருநாதன் ரேஷன் அரிசி மூட்டையைவிட எடை குறைவு. சத்தமில்லாமல் ஒரு சைக்கிள் சீட்டு ஸ்பிரிங் வாங்கி வந்து மாட்டினார். அதன் பிறகு அவருக்கும் ஓடியது.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் அவர் மதியமே வீடு திரும்பினார். கூடத்தில் யாரும் இல்லை. கொடி நிறைய ஈரத்துணி. மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. நாற்காலியில் துண்டு போர்த்தி ஏதோ உட்கார்ந்திருந்தது. துண்டை விலக்கினார். அம்மிக் குழவி.

"என்ன இது?"

"குழவிங்க."

"குழவிக்கு என்னத்துக்கு ஃபேன்?"

"எந்திரிச்சா நிக்கும்னுதான சொன்னீங்க. அது எந்திரிக்கலயே."

குருநாதன் அந்த வாரமே திருச்சிக்குப் போய், மாடிப்படி விளக்குகளைத் தானாக அணைக்கிற டைமர் ஒன்றை வாங்கி வந்தார். நாற்காலிக் கைப்பிடியில் ஒரு பொத்தானைப் பதித்தார். உட்கார்ந்தால் மட்டும் போதாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் ஃபேன் தானாக நின்றுவிடும்.

"உயிருள்ள ஆளு வேணும். அதுவும் முழிச்சிருக்கணும்" என்றார்.

"முழிச்சிருக்கணுமா?"

"ஆமா."

"சரிங்க" என்றாள் ராசாத்தி. அவள் இவ்வளவு சுருக்கமாகச் சரி சொன்னது கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. குருநாதன் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. பெரம்பலூரில் ஊழியர்களுக்கான கேரம் இறுதி ஆட்டம். குருநாதன் வாழ்க்கையில் எதிலும் இறுதிவரை போனதில்லை, இதில் போயிருந்தார். ஒன்பதரை மணி பஸ்ஸுக்காக எட்டரைக்கே சட்டை மாட்டிக்கொண்டார்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவ உக்காந்து காட்டுங்க" என்றாள் ராசாத்தி. "பண்டிகைக்கு எங்கண்ணன் வருது. அது முன்னாடி பாதியில நின்னுச்சினா உங்களத்தான் கேலி பண்ணும்."

மச்சானின் சிரிப்பு குருநாதனின் காதில் கேட்டது. உட்கார்ந்தார். ஃபேன் ஓடியது. பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். மூன்றாவது தடவை அமுக்கியபோது அவரைச் சுற்றி நாலு பக்கமும் வேட்டி விரித்து, ஊறவைத்து வடித்த அரிசியை ராசாத்தி பரப்பி முடித்திருந்தாள்.

"மிதிச்சிராதீங்க. பலகார அரிசி."

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சி."

"வெயில் இருந்தா நான் ஏங்க உங்களத் தொந்தரவு பண்றேன்?"

எழுந்து நின்றார். ஃபேன் நின்றது.

"நின்னுடுச்சே. கோளாறா?" என்றாள்.

"கோளாறு இல்ல. நான் எந்திரிச்சேன்."

"அப்ப கோளாறு உங்ககிட்டதான்."

"நீ கொஞ்சம் உக்காரேன்."

"உக்காருறேன். அடுப்புல பாகு இருக்கு, நீங்க பதம் பாக்குறீங்களா?"

குருநாதன் உட்கார்ந்தார். ஒன்பதரை மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பொத்தானை அமுக்கினார். பத்தரை மணி பஸ்ஸும் போனது. கண் சொருகும்போதெல்லாம் ஃபேன் நின்றது, அடுப்படியிலிருந்து "என்னங்க" என்ற குரல் வந்தது. சாப்பாடு மடியிலேயே வந்தது. வலது கையால் சாப்பிட்டார், இடது கையால் அமுக்கினார்.

மதியம் பக்கத்து வீட்டு ஜானகி ஒரு வாளி ஈரத்துணியோடு வந்தாள். அவள் புருஷன் பாலசுந்தரம் குருநாதனோடு அதே ஆபீஸில் வேலை பார்க்கிறவர். ஆட்டம் பார்க்கக் காலையிலேயே பெரம்பலூர் போயிருந்தார். ஜானகி துணியைக் கொடியில் உதறிப் போட்டுவிட்டு நாற்காலியைப் பார்த்தாள்.

"நாளைக்கு எங்கூட்டு அரிசியயும் கொண்டாரலாம்னு பாத்தேன்க்கா. ஆனா சார் ஆபீஸுக்குப் போயிடுவாரே."

குருநாதனுக்கு உயிர் வந்தது. நாளை திங்கட்கிழமை. ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்தால் எதுவும் ஓடாது. நிம்மதியாகத் தூங்கலாம்.

"கொண்டா" என்றாள் ராசாத்தி. "உங்கூட்டுக்காரரு கையில காலையிலயே இவருக்கு லீவு லெட்டர் குடுத்துவுட்டேன். ஆபீஸரும் ஆட்டம் பாக்க அங்கதான் வராராம். புதன்கிழமை வரைக்கும் மழைன்னு ரேடியோவுல சொன்னான். அதுவரைக்கும் எழுதியிருக்கேன்."