முதல் நான்கு எழுத்து

உண்மையைத் தேடிக் காடு போனவர்கள் உண்டு, தவம் கிடந்தவர்கள் உண்டு. பாவம், அவர்கள் வால்நட் ஃபோர்க் கவுண்டிக்கு வந்திருக்கலாம். இங்கே, அயோவா மாநிலத்தின் இந்த மூலையில், நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் 'காணொளி மெய்ம்மைப் பிரிவு' இயங்குகிறது. வழக்குக்கு வரும் எந்த வீடியோவும் எங்கள் முத்திரை இல்லாமல் மாடிப்படி ஏறாது. உண்மையே ஆனாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

எங்கள் தலைவர் வெண்டல் ஹாஸ்காம்ப் ஒரு மகான். கோப்பின் பெயருக்குப் பின்னால் 'எம்பி4' என்று வால் இருந்தால் அது வீடியோ என்று பாமரர்கள் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. வாலை எவன் வேண்டுமானாலும் ஒட்டலாமே! கோப்பின் தலையில் அதன் கையெழுத்து ஒளிந்திருக்கிறது என்று ஏதோ ஒரு கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்தார் வெண்டல். வந்த சூட்டோடு, தான் ஏரியில் மீன் பிடித்த வீடியோவைத் திறந்து, அதன் முதல் நான்கு எழுத்தை எழுதிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அந்த நான்கும் இருந்தால் மெய். இல்லையென்றால் பொய்.

"ஐயா, அது கையெழுத்தே இல்லீங்க. கோப்போட முதல் பகுதி எவ்வளவு நீளம்னு சொல்ற எண்ணுங்க. கேமராவுக்குக் கேமரா மாறும். அஞ்சாவதுலேருந்துதான் கையெழுத்தே ஆரம்பிக்குது" என்று தலைநகரிலிருந்து யாரோ தொலைபேசியில் கதறினார். ஐந்து வரை எண்ண எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பணிவோடு தெரிவித்தோம்.

இந்த உன்னத நிலையில்தான் பள்ளிப் பேருந்து ஓட்டும் மார்லிஸ் ட்வெட் வந்தார். பிள்ளைகளை இறக்க வண்டியை நிறுத்தியவர், மற்ற வண்டிகளை நிற்க வைக்கும் பக்கவாட்டு 'நில்' பலகையை நீட்டவில்லை என்று புகார். கொடுத்தவர் பிராக் லிண்டமன். அவருடைய பிக்கப் வண்டிதான் பேருந்தைத் தாண்டிப் பாய்ந்து ஒரு சிறுமியின் புத்தகப் பையை உரசிக்கொண்டு போனது. பலகை நீளவில்லை என்று தீர்ப்பானால் மார்லிஸ் இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாது. பேருந்து கேமராவில் பதிவான வீடியோவைக் கொண்டு வந்திருந்தார்.

வெண்டல் கோப்பைத் திறந்தார். சுவரைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"நாலாவது எழுத்து இடிக்குது மார்லிஸ். இது வீடியோ இல்ல."

"வீடியோ இல்லையா? இந்தா ஓடுது பாரு. பலகை நீட்டிருக்கு, லைட்டு மின்னுது. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"ஓடுறது வேற, உண்மை வேற."

"டேய் வெண்டல், உன் பொண்ணை எட்டு வருஷம் பனியில பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவடா நான்!"

"அதுக்கு நன்றி. இதுக்கு முத்திரை கிடையாது."

நடுநிலை என்றால் இதுதான். எனக்குப் புல்லரித்தது.

பிராக்கும் ஒரு வீடியோ கொடுத்திருந்தார். அவருடைய கேமராவும் வெண்டலின் கேமராவும் ஒரே கடைச் சரக்கு. ஆகவே நான்கு எழுத்தும் அச்சாகப் பொருந்தின. வெண்டல் எழுந்து நின்று முத்திரை குத்தினார்.

விசாரணையில் அதைத் திரையில் போட்டார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கும்மிருட்டு.

"என்னய்யா இது, ஒண்ணுமே தெரியல?" என்றார் விசாரணை அதிகாரி.

"மெய்யான வீடியோ சார். முத்திரை இருக்கு" என்றார் வெண்டல்.

"இதுல 'நில்' பலகை தெரியுதா?"

"தெரியல சார்."

"அப்ப நீட்டல. முடிஞ்சுது."

தர்க்கம் என்றால் அப்படி ஒரு தர்க்கம்! பிராக் வந்து வெண்டலின் கையைக் குலுக்கினார். மார்லிஸின் உரிமத்தைப் பறித்தார்கள். அவர் பேருந்துச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"கெர்ட், என் வீடியோவை நீயாவது பாத்தியா?"

"பாத்தேன்மா. மூணு தடவை."

"பலகை?"

"முழுசா நீட்டியிருந்துச்சு."

"அப்ப அங்க வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"நான் உதவியாளர்மா. உள்ள என்ன இருக்குன்னு சொல்றது எங்க பிரிவு வேலை இல்லையே."

நாங்கள் கோப்பைப் பார்ப்பதுபோலவே அவர் என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். கண்ணில் நீர் நின்றது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"உனக்கும் அந்த வெண்டலுக்கும் முதல் நாலு எழுத்து கச்சிதமா இருக்குடா: ம, னு, ஷ, ன். உள்ளதான் ஒண்ணும் ஓடல."