பெரிய கம்ப்யூட்டருக்கு நான் இழுத்த வயர்

புதிதாக வேலையில் சேர்ந்தவனிடம் யாரும் விளக்கம் கேட்கக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவான்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அப்படித்தான் இருந்தேன். திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிறுவனத்தில் பயிற்சிப் பொறியாளர். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பெருங்கடவிளையில் ரப்பர் விவசாயிகளின் சங்கம் ஒன்றில் என் தாய்மாமா செயலாளர். சங்கத்துக் கம்ப்யூட்டர்களை இணைத்து, திருவனந்தபுரத்துத் தலைமை அலுவலகத்தின் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் வேலையை அவர்தான் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தார். (இதைச் சரியாக முடித்தால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.)

சங்க நிர்வாகிகள் முன் நான் ஆற்றிய உரையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித் தொலைபேசி இணைப்பு தரலாம். அல்லது எல்லாவற்றையும் ஒரே வயரில் கோத்து, அதில் ஒன்றை மட்டும் மோடம் வழியாக மெயின்ஃபிரேமோடு பேசவிடலாம். இரண்டாவதே சிறந்தது என்று கையை வீசி முழங்கினேன். சங்கத் தலைவர் அந்தக் கறுப்பு வயரைத் தடவிப் பார்த்தார்.

"இதுல என்னெல்லாம் வரும் தம்பி?"

"எல்லாம் வரும் சார். உலகமே வரும்!"

முன்னறையிலிருந்து, பின்னால் ரப்பர் அடுக்கும் கிட்டங்கியிலிருந்த கம்ப்யூட்டருக்கு வயர் போக வேண்டும். இடையில் தலைவரின் வீடு. "நம்ம மாடி வழியா கொண்டுபோ" என்று அவரே சொன்னார். அவருடைய பெருந்தன்மையில் நான் நெகிழ்ந்துபோனேன்.

தொடக்க விழாவுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மலையாள அதிகாரி வந்திருந்தார். குத்துவிளக்கேற்றி, கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று. (திரையின் நடுவில்.) தலைவர் விசையைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் சோதித்தபோது ஒழுங்காக ஓடியது.

"எந்தா, ப்ரஷ்னம் உண்டோ?" என்றார் அதிகாரி.

"இல்ல சார், சூடாயிட்டிருக்கு" என்றேன், ஏதோ தோசைக்கல்லைப் போல.

மாமா என் காதைக் கடித்தார். "எலே, என் மானத்த வாங்காத. வயரு எங்கயாவது அறுந்து கெடக்கும். போய்ப் பாருலே."

அந்த வயரின் குணம் அப்படி. ஓரிடத்தில் அறுந்தால் மொத்தமும் படுத்துவிடும். வயரைப் பிடித்துக்கொண்டே மாடிக்கு ஓடினேன். அங்கே யாரோ அதை அறுத்து, இன்னொரு வயரைச் சேர்த்து முறுக்கி, அழகாக டேப்பும் சுற்றியிருந்தார்கள். புது வயர் சன்னல் வழியாகத் தலைவரின் வீட்டுக்குள் இறங்கியது. நானும் படியிறங்கி உள்ளே போனேன்.

கூடத்தில் டிவி. திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள், ஒரே இரைச்சல். அதன் முன்னால் தலைவரின் மனைவியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் பாய் விரித்து, பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, என்னத்தப் பாக்குதிய?"

"மழையாக்கும் மக்கா. நின்ன ஒடனே படம் தொடங்கும்."

"ஐயோ, இது சங்கத்து வயரு!"

"எங்க வீட்டு ஆளுதான் பறஞ்சாவ, இதுல உலகமே வரும்னு. கேபிள்காரனையும் அவியதான் அனுப்பினாவ."

நான் டிவியிலிருந்து வயரைப் பிடுங்கினேன். "படத்தக் கெடுக்காதலே!" என்று பெண்கள் மொத்தமாகப் பாய்ந்து வயரைப் பற்றி வீட்டுக்குள் இழுத்தார்கள். ரப்பர் மரம் சாய்க்கிற பலம். மறுகணம் சங்கத்திலிருந்து ஒரு அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். மேசையிலிருந்து சரிந்த கம்ப்யூட்டரை அதிகாரி பச்சைக் குழந்தைபோல் மடியில் ஏந்தியிருந்தார். சந்தனம் முழுதும் அவர் மீசையில்.

"மதி" என்றார். போதும் என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

முதலாளி என்னைப் பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றுகிற பிரிவுக்கு அனுப்பினார். வயரெல்லாம் வேண்டாம், விவரங்களை ஃப்ளாப்பியில் பதிந்து வாரா வாரம் செயலாளரே பஸ்ஸில் கொண்டுவரட்டும் என்று தலைமை அலுவலகம் தீர்மானித்தது. ஓய்வு பெறும்வரை மாமா டிபன் பாத்திரத்துக்குள் ஃப்ளாப்பியை வைத்து, ஜன்னலோர இருக்கை பிடித்து, மெயின்ஃபிரேமுக்குப் போய்வந்தார்.

இன்றும் எந்தக் கல்யாணத்துக்கு அவர் வந்தாலும், வாசலிலேயே பிள்ளைகள், "எலே, நெட்வொர்க் வந்தாச்சு!" என்று கூவுகிறார்கள். போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குத் தாமதமாக வந்தார். ஏன் என்று சம்பந்தி வீட்டார் கேட்டதும், கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, தோளில் கைபோட்டு அறிமுகப்படுத்தினார்.

"என்னைய பஸ்ல ஏத்திவிட்ட இஞ்சினியரு இவனாக்கும்."